மலை நடுவே நகரம், சுவர் நடுவே காற்று

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில், வடக்கே நகரமலையும் அதன் பின்னே சேர்வராயன் மலைத்தொடரும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் சூழ்ந்திருக்கும் தாழ்நிலத்தில் அமைந்துள்ளது. இம்மலைகளுக்கு இடைப்பட்ட திறப்புகளின் வழியாகவே சாலைகளும் திருமணிமுத்தாறும் செல்கின்றன. நகரின் காற்றும் பெரும்பாலும் அவ்வழிகளிலேயே உள்ளே வந்து வெளியேறுகிறது. தெற்கே ராசிபுரத்தைக் கடந்து நாமக்கல்லை நோக்கிச் செல்லச் செல்ல நிலம் விரிந்து, கொல்லிமலை கிழக்கே ஒதுங்கிக்கொள்ள, காற்றுக்குத் தடை குறைந்த சமவெளி தொடங்குகிறது. இவ்விரு இடங்களிலும் ஒரே அளவு புகையை வெளியிட்டாலும் அது ஒரே அளவு மாசாக மாறுவதில்லை. ஏன் மாறுவதில்லை என்பதும், அந்த வேறுபாட்டைத் தெரு அளவு வரை கணக்கிட முடியுமா என்பதும் இந்த அத்தியாயத்தின் பொருள்.

ஓரிடத்துக் காற்றில் மாசு எவ்வளவு அடர்த்தியாக உள்ளது என்பதைக் காட்டும் அளவு செறிவு எனப்படும். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் மாசு உள்ளது என்று அது குறிக்கப்படுகிறது. 2009-இல் அறிவிக்கப்பட்ட இந்தியத் தேசியத் தரநிலையின்படி, 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைந்த விட்டமும் கொண்ட நுண்துகள்களின் ஆண்டுச் சராசரிச் செறிவு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த வரம்போ 5 மைக்ரோகிராம்தான். இந்த எண்களைப் பார்ப்பவர் மனத்தில் முதலில் தோன்றுவது புகை. ஆனால் செறிவு என்பது ஒரு பின்னம். அதன் தொகுதியில் வண்டிகளும் அடுப்புகளும் ஆலைகளும் வெளியிடும் உமிழ்வு இருக்கிறது. அதன் பகுதியில், அந்த உமிழ்வு கலந்து கரைவதற்குக் கிடைக்கும் காற்று இருக்கிறது. சட்டங்களும் சோதனைகளும் பெரும்பாலும் தொகுதியைக் கட்டுப்படுத்த முயல்கின்றன. பகுதியைத் தீர்மானிப்பவை மலைகள், பருவங்கள், கட்டடங்கள் ஆகிய மூன்று. இவற்றுள் மனிதர் கையில் இருப்பது கடைசியானது மட்டுமே.

பெட்டிக் கணக்கு

நகரக் காற்றைக் கணக்கிடும் மாதிரிகளுள் மிக எளியது பெட்டி மாதிரி. நகரம் முழுவதையும் ஒரு பெட்டியாகக் கொண்டு, அதன் அடியில் புகை வெளியாவதாகவும், ஒரு பக்கம் தூய காற்று நுழைந்து மறுபக்கம் கலங்கிய காற்று வெளியேறுவதாகவும் வைத்துக்கொண்டால், பெட்டிக்குள் இருக்கும் செறிவு காற்றின் வேகத்துக்கும் பெட்டியின் உயரத்துக்கும் எதிர்விகிதத்தில் அமையும். இந்த உயரத்துக்குக் கலப்புயரம் என்று பெயர். தரையிலிருந்து எழும் புகை தடையின்றி மேலேறிக் கலக்கக்கூடிய எல்லை அது. எடுத்துக்காட்டாக, தை மாத விடியற்காலையில் கலப்புயரம் 150 மீட்டர், காற்றின் வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்றும், அதே நாள் பிற்பகலில் கலப்புயரம் 1,500 மீட்டர், வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றும் கொண்டால், உமிழ்வில் ஒரு கிராம்கூட மாறாத நிலையிலும் விடியற்காலைச் செறிவு பிற்பகலைவிட 30 மடங்கு அதிகமாக இருக்கும்.

விடியற்காலையில் பெட்டியின் மூடி இவ்வளவு தாழ்ந்து வருவதற்குக் காரணம் வெப்பநிலைத் தலைகீழாக்கம் எனப்படும் நிகழ்வு. பொதுவாக ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி வீதம் காற்று குளிர்ந்துகொண்டே போகிறது; 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காடு குளிர்ச்சியாக இருப்பதும் இதனால்தான். மேகமற்ற பனிக்கால இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விண்வெளிக்கு இழந்து வேகமாகக் குளிர, அதை ஒட்டிய காற்று முதலில் குளிர்ந்து கனமாகிக் கீழேயே தங்கிவிட, அதற்கு மேல் வெப்பமான காற்று மூடிபோலப் படிந்துவிடுகிறது. சேலத்தில் மலைகள் இதை இன்னும் வலுப்படுத்துகின்றன. சேர்வராயன் சரிவுகளில் குளிர்ந்த காற்றும் நீரைப் போலவே பள்ளத்தை நோக்கி வழிந்து இறங்குவதால், தாழ்நிலத்தில் குளிர்காற்று தேங்குகிறது. அத்தகைய அடுக்கில் மேலே தள்ளப்பட்ட காற்றுத் திரள் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் கனமாகிவிடுவதால் மீண்டும் கீழே விழுகிறது; உயரம் கூடக் கூட வெப்பநிலை சற்றே கூடும் அடுக்கில், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் காற்று ஏறத்தாழ 100 மீட்டருக்கு மேல் ஏற இயலாது என்று கணக்கு காட்டுகிறது. சேர்வராயன் மலையோ நகரத்தைவிட 1,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. ஆகவே இரவுக் காற்றுக்கு மலையைத் தாண்டும் வழி இல்லை; சுற்றிக்கொண்டு போக வேண்டும் அல்லது தேங்கி நிற்க வேண்டும். போகிப் பண்டிகை விடியலில் எரிக்கப்படும் பழம்பொருள்களின் புகை, ஆண்டின் மிகக் குறைந்த கலப்புயரம் கொண்ட பொழுதுகளுள் ஒன்றில்தான் வெளியாகிறது என்பதையும் இக்கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெட்டி மாதிரி நகரத்துக்கு ஒரே ஓர் எண்ணைத் தருகிறது. அஸ்தம்பட்டியின் அகன்ற சாலையில் நிற்பவரும் குகைப் பகுதியின் சந்தில் நிற்பவரும் ஒரே காற்றைச் சுவாசிப்பதாக அது கொள்வதால், நகரத்தின் சராசரியைச் சொல்வதோடு அதன் பயன் முடிந்துவிடுகிறது.

புகைபோக்கியின் கணக்கு

அடுத்த படியில் இருப்பது காஸ் மாதிரி. ஒரு புகைபோக்கியிலிருந்து வெளிவரும் புகைத்தாரை காற்றோடு நகரும்போது பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக விரிகிறது. அதன் குறுக்குவெட்டில் செறிவு நடுவில் மிகுந்தும் ஓரங்களில் குறைந்தும், புள்ளியியலில் வரும் மணி வடிவ வளைகோட்டைப் பின்பற்றுகிறது என்பதே இம்மாதிரியின் அடிப்படை. தாரை எவ்வளவு விரைவாக விரியும் என்பதை வெயில், மேகம், காற்றின் வேகம் ஆகியவற்றைக் கொண்டு ஆறு நிலைப்பு வகுப்புகளாகப் பிரிக்கும் முறையைப் பிரிட்டிஷ் வானிலையியலாளர் ஃபிராங்க் பாஸ்குவில் 1961-இல் வெளியிட்டார். அதன் வழித்தோன்றலாக வந்த ஏர்மாட் என்னும் மாதிரி 2005 முதல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அங்கீகாரம் பெற்று, இந்தியாவில் புதிய ஆலைகளுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடுகளிலும் பயன்பட்டு வருகிறது.

சேலம் மாவட்டத்தில் இக்கணக்குக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு மேட்டூர் அனல் மின் நிலையம். 210 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகளும் 600 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்து அதன் மொத்தத் திறன் 1,440 மெகாவாட் ஆகிறது. 200 மெகாவாட்டிலிருந்து 500 மெகாவாட்டுக்கு உட்பட்ட அலகுகளுக்கு 220 மீட்டர், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 275 மீட்டர் என்று இந்திய விதிகள் புகைபோக்கியின் உயரத்தை வகுத்தன. அவ்வளவு உயரத்தில் வெளிவரும் புகை இரவு நேர மூடிக்கு மேலே மிதந்து செல்லவும், தரையைத் தொடுவதற்குள் பெருமளவு கரைந்துவிடவும் வாய்ப்பு உண்டு; உயரமான புகைபோக்கி தொகுதியைக் குறைப்பதில்லை, பகுதியைத்தான் பெரிதாக்குகிறது.

குட்டையான புகைபோக்கிகளின் நிலை வேறு. ஒரு கட்டடத்தின் மீது காற்று மோதும்போது கூரை விளிம்பில் அது பிரிந்து, கட்டடத்தின் பின்புறத்தில் வேகம் குறைந்த ஒரு சுழல்வெளி உருவாகிறது. ஜவ்வரிசி ஆலை, சாயப்பட்டறை போன்றவற்றின் புகைபோக்கி கூரையைவிடச் சற்றே உயர்ந்திருந்தால், அதன் புகை இச்சுழலுக்குள் இழுக்கப்பட்டுத் தரைக்கே வந்துவிடும். இதைத் தவிர்க்க, கட்டடத்தின் உயரத்துடன், அதன் உயரம், அகலம் ஆகிய இரண்டில் சிறியதன் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் கிடைக்கும் உயரம் வேண்டும் என்பது காற்றுச் சுரங்கச் சோதனைகளிலிருந்து வந்த விதி; 8 மீட்டர் உயரமும் அதைவிட அதிக அகலமும் கொண்ட ஆலைக்கு அது 20 மீட்டர் ஆகும். கடைத்தெருக்களில் மின்தடையின்போது ஓடும் டீசல் ஜெனரேட்டர்களுக்கு விதி இன்னும் தாராளமானது: அதன் திறனைக் குறிக்கும் கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி வரும் மீட்டர் அளவு, கட்டடத்தின் உயரத்துக்கு மேல் குழாய் நீண்டிருந்தால் போதும்; 100 கே.வி.ஏ. ஜெனரேட்டருக்கு அது 2 மீட்டர். இந்தச் சூத்திரம் ஜெனரேட்டர் இருக்கும் கட்டடத்தை மட்டும் கணக்கில் கொள்கிறது. இரண்டு மாடிக் கடையை ஒட்டி நான்கு மாடி விடுதி எழும்பியிருக்கும் இடத்தில், கடையின் குழாய் விதிப்படி சரியாக இருந்தாலும் அதன் புகை விடுதியின் சன்னலுக்கு நேராக வெளிவரும். திறந்த வெளிக்கு உருவாக்கப்பட்ட காஸ் மாதிரி கட்டடங்களுக்கு நடுவே தடுமாறுவது இத்தகைய இடங்களில்தான்.

தெருப் பள்ளத்தாக்கு

இருபுறமும் கட்டடங்கள் வரிசையாக நெருங்கி நிற்கும் தெருவை நகர வானிலையியலார் தெருப் பள்ளத்தாக்கு என்கின்றனர். அதன் காற்றோட்டத்தை ஒரே விகிதத்தால் பெரும்பாலும் விளக்கிவிடலாம்: கட்டடங்களின் உயரத்தைத் தெருவின் அகலத்தால் வகுத்து வரும் எண் அது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டி.ஆர். ஓக் 1988-இல் வெளியிட்ட கட்டுரையில், தெருவுக்குக் குறுக்கே காற்று வீசும்போது நிகழ்வதை மூன்று வகையாகப் பிரித்தார். விகிதம் ஏறத்தாழ 0.3-க்குக் கீழே இருந்தால், ஒரு கட்டட வரிசையின் பின்னே தாழும் காற்று அடுத்த வரிசையை எட்டுவதற்குள் தரையைத் தொட்டு மீண்டுவிடும். 0.3-க்கும் 0.7-க்கும் இடையில் ஒரு வரிசையின் சுழல் அடுத்த வரிசையோடு மோதிக் குழம்பும். 0.7-ஐத் தாண்டினால், மேற்காற்று கூரைகளை உரசிக்கொண்டே கடந்துவிடும். தெருவுக்குள் இருக்கும் காற்று ஒரே சுழலாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும். செவ்வாய்ப்பேட்டை, குகை போன்ற பழைய பகுதிகளில் காணப்படுவதைப் போன்ற 5 மீட்டர் அகலச் சந்தின் இருபுறமும் 9 மீட்டர் உயரத்துக்கு வீடுகள் நின்றால் விகிதம் 1.8 ஆகிறது. வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் ஊதுலைப் புகையும் இருசக்கர வாகனங்களின் புகையும் அங்கே வெளியேற வேண்டுமானால், கூரை மட்டத்தில் மேற்காற்றுக்கும் தெருக்காற்றுக்கும் இடையே நடக்கும் மெதுவான பரிமாற்றம் ஒன்றே வழி.

அச்சுழல் சுற்றும் திசையில் ஒரு வியப்பு இருக்கிறது. வடக்கு தெற்காக ஓடும் ஒரு தெருவின் மீது மேற்கிலிருந்து வரும் காற்று வீசுவதாகக் கொள்ளலாம். அது மேற்குப் பக்கக் கூரையைத் தாண்டி, கிழக்குப் பக்கக் கட்டடத்தின் சுவரில் மோதிக் கீழிறங்கி, தரையை அடைந்ததும் திரும்பி மேற்கு நோக்கி ஓடுகிறது. தரைமட்டத்தில் வண்டிகளின் புகையை வாரிக்கொண்டு போவது இந்தத் திரும்போட்டம் என்பதால், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து நடைபாதையில்தான் செறிவு கூடுதலாக இருக்கும். காற்றின் போக்கில் புகை எதிர்ப்பக்கம் போய்விடும் என்னும் பொது எண்ணத்துக்கு இது நேர்மாறானது. கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல், மேற்கிலிருந்து வருவதைக் கோடை, வடக்கிலிருந்து வருவதை வாடை, தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்று திசைக்கொரு பெயரிட்டது தமிழ். தென்மேற்குப் பருவத்தில் கோடைக்காற்று வீசும்போது மேற்கு நடைபாதையில் கடை வைத்திருப்பவரும், வடகிழக்குப் பருவத்தில் காற்று திரும்பும்போது கிழக்கு நடைபாதையில் இருப்பவரும் கூடுதல் மாசைச் சுவாசிக்கின்றனர். வாடையோ தென்றலோ அதே தெருவின் நீளவாக்கில் வீசினால் தெரு ஒரு வாய்க்காலாகி, புகை முழுவதும் கடைக்கோடியை நோக்கித் தள்ளப்படுகிறது.

இந்தச் சுழலைக் கணக்கில் கொண்ட மாதிரிகள் 1970-களில் அமெரிக்காவின் சான் ஹோசே நகரத்தில் செய்த அளவீடுகளிலிருந்து தொடங்கி, 1980-களின் இறுதியில் டென்மார்க்கில் உருவான ஓ.எஸ்.பி.எம். மாதிரியில் முதிர்ச்சி பெற்றன. அதன் அடிப்படையைக் கைக்கணக்காகவே செய்து பார்க்கலாம். 8 மீட்டர் அகலத் தெருவில் மணிக்கு 1,000 வண்டிகள் செல்வதாகவும், ஒவ்வொன்றும் கிலோமீட்டருக்கு 0.05 கிராம் நுண்துகளை வெளியிடுவதாகவும் கொண்டால், தெருவின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் நொடிக்கு ஏறத்தாழ 14 மைக்ரோகிராம் சேர்கிறது. கூரை மட்டத்தில் நொடிக்கு 1 மீட்டர் வேகக் காற்று இருந்தால், மேலும் கீழுமான பரிமாற்ற வேகம் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நொடிக்கு 0.1 மீட்டர். அகலத்தையும் இந்த வேகத்தையும் பெருக்கி உமிழ்வை வகுத்தால் 17 மைக்ரோகிராம் கிடைக்கிறது. நகரம் முழுவதும் பரவியுள்ள பின்னணி மாசுக்கு மேல் அந்தத் தெரு தன் வடிவத்தால் சேர்த்துக்கொண்ட கூடுதல் அது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டு வரம்பைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

சமன்பாட்டிலிருந்து கட்டங்களுக்கு

மேற்கண்ட கணக்குகள் தெருவை நேர்கோடாகவும் கட்டடங்களைச் சம உயரம் கொண்டவையாகவும் கொள்கின்றன. உண்மையான தெருவின் முனைகள், சந்துகள், மொட்டைமாடித் தகரக்கூரைகள், பாதி கட்டி நிற்கும் தூண்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டுமானால், பாய்மங்களின் இயக்கத்தை ஆளும் சமன்பாடுகளுக்கே திரும்பிச் செல்ல வேண்டும். காற்றையும் நீரையும் போன்று ஓடும் பொருள்கள் அனைத்தும் பாய்மம் எனப்படும். பிரான்சின் நேவியர் 1822-இலும் பிரிட்டனின் ஸ்டோக்ஸ் 1845-இலும் வகுத்த சமன்பாடுகள், நியூட்டனின் விசை விதியை அவற்றுக்குப் பொருத்தியவை. அவற்றைத் தாளில் முழுமையாகத் தீர்க்க முடியாது என்பதால், வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எவ்வளவு நுழைகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று கணினி வரவுசெலவு பார்க்கிறது. இத்துறை கணினிப் பாய்ம இயக்கவியல் எனப்படுகிறது.

இதில் பெருந்தடையாக நிற்பது கொந்தளிப்பு. காற்று ஒழுங்கான இழைகளாக ஓடாமல், பெரிய சுழல்களிலிருந்து சிறிய சுழல்களும் அவற்றிலிருந்து இன்னும் சிறியவையும் பிறந்துகொண்டிருக்கும் நிலையே கொந்தளிப்பு. நொடிக்கு 3 மீட்டர் வேகக் காற்று 10 மீட்டர் உயரக் கட்டடத்தைச் சுற்றி ஓடும்போது, மிகப் பெரிய சுழல் கட்டடத்தின் அளவிலும், மிகச் சிறியது ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அளவிலும் இருக்கும். அவ்வளவு நுண்ணிய கட்டங்களாக ஒரு தெருவைப் பிரிக்க எந்தக் கணினியாலும் இயலாது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பை 200 மீட்டர் உயரம் வரை, ஒரு மீட்டர் கட்டங்களாகப் பிரித்தாலே 20 கோடி கட்டங்கள் ஆகின்றன. நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்று ஒரு கட்டத்தை 0.2 நொடியில் கடந்துவிடும் என்பதால் அதைவிட நீண்ட காலப்படியை எடுக்கவும் முடியாது. ஒரு மணி நேரக் காற்றைக் கணக்கிட 18,000 படிகள் வேண்டும். கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் 8 மடங்கும், காலப்படியும் பாதியாவதால் மொத்த வேலை 16 மடங்கும் பெருகும்.

ஆகவே இரண்டு சமரசங்கள் வழக்கில் உள்ளன. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1895-இல் காட்டிய வழியில், வேகத்தைச் சராசரி என்றும் ஏற்ற இறக்கம் என்றும் பிரித்து, சராசரியை மட்டும் கணக்கிட்டு, கொந்தளிப்பின் விளைவை ஒரு துணைச் சூத்திரத்தால் ஈடுகட்டுவது முதலாவது. லாண்டரும் ஸ்பால்டிங்கும் 1974-இல் பரவலாக்கிய கே–எப்சிலான் சூத்திரம் இதில் புகழ்பெற்றது. இது விரைவானது, ஆனால் கட்டடத்தின் காற்றுமுகத்தில் கொந்தளிப்பை மிகையாகக் கணித்து, கூரை விளிம்பில் காற்று பிரிவதைச் சரியாகக் காட்டத் தவறுவது அதன் நெடுநாள் குறை. பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிட்டு, கட்டத்தைவிடச் சிறியவற்றை மட்டும் தோராயமாகக் கொள்ளும் பெருஞ்சுழல் முறை இரண்டாவது. ஸ்மாகரின்ஸ்கி 1963-இல் வானிலைக்காக முன்வைத்த எண்ணம் அதன் வேர். இதில் புகை எப்படி விட்டுவிட்டு வீசி வருகிறது என்பதுகூடத் தெரியும். விலை, பல மடங்கு கூடுதலான கணினி நேரம். இவ்வகைக் கணக்குகளுக்கு உரிய ஓப்பன்ஃபோம் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைப்பதால், இன்று தடையாக இருப்பது மென்பொருளைவிட, ஒவ்வொரு கட்டடத்தின் உயரத்தையும் சொல்லும் நம்பகமான வரைபடமே.

ஈரடுக்குப் பாலத்தின் அடியில்

ஐந்து ரோடு சந்திப்பின் வழியாகச் செல்லும் சேலத்தின் ஈரடுக்கு மேம்பாலம், 2020 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. இத்தகைய கட்டுமானம் கணக்குப்போடுபவருக்கு ஒரே நேரத்தில் மூன்று வெவ்வேறு விளைவுகளைத் தருகிறது. சிக்னலில் நின்று உறுமும் வண்டிகள் குறைவதால் தொகுதி குறைகிறது. மேல்தளத்தில் ஓடும் வண்டிகளின் புகை தரையிலிருந்து உயர்ந்து, காற்று கூடுதலாக உள்ள மட்டத்தில் வெளியாகிறது. ஆனால் அதே மட்டத்தில்தான் சாலையோரக் கட்டடங்களின் மேல்மாடிச் சன்னல்களும் இருக்கின்றன. மூன்றாவதாக, பாலத்தின் தளம் கீழ்ச்சாலைக்கு மேல்மூடியாகி, சுழலின் மேலேறும் வழியை அடைத்துவிடுவதால், அடியில் எஞ்சியிருக்கும் வண்டிகளின் புகைக்குப் பகுதி சுருங்குகிறது. இம்மூன்றில் எது மேலோங்கும் என்பது பாலத்தின் உயரம், அகலம், கட்டடங்களிலிருந்து அதன் தூரம், காற்றின் திசை ஆகியவற்றைச் சார்ந்திருப்பதால், அதை ஊகத்தால் சொல்ல முடியாது. தூண் எழுப்புவதற்கு முன்பே கட்டங்களில் வைத்துப் பார்க்க முடியும்.

மரங்களும் இவ்வாறே இருமுகம் கொண்டவை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரக் காற்றுச் சுரங்கத்தில் செய்த சோதனைகள், நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே அடர்ந்த மரக்கூட்டம் கூரைமட்டப் பரிமாற்றத்தைக் குறைத்துத் தெருவின் செறிவைக் கூட்டக்கூடும் என்று காட்டின. அகன்ற சாலையின் ஓரத்தில் நிற்கும் வேப்பமரத்துக்கு இந்தக் குறை பொருந்தாது. குறுகிய தெருவில் கிளைகள் கூரைபோல் கோத்துக்கொள்ளும்போதுதான் பொருந்தும். சித்திரை வெயிலில் சுவர்கள் கொதிக்கும் சேலத்தில் நிழலின் நன்மையையும் இதோடு நிறுத்துப் பார்க்க வேண்டும். அந்த வெயிலும் காற்றோட்டத்தில் பங்குகொள்கிறது: காற்று மெலிந்த நண்பகலில் சூடான சுவரை ஒட்டி எழும் காற்று, அது எந்தப் பக்கச் சுவர் என்பதைப் பொறுத்து, தெருச்சுழலுக்குத் துணைசெய்யவோ அதை எதிர்க்கவோ செய்கிறது.

கணக்கைச் சோதித்தல்

கணினித் திரையில் வண்ணக் கோடுகளாகச் சுழலும் காற்று நம்பத்தக்கதுபோலத் தோன்றுவதே இத்துறையின் பெரிய ஆபத்து. அதனால் மாதிரிகளைச் சோதிக்கவே தனிப் பரிசோதனைகள் நடத்தப்பட்டன. 2001-இல் அமெரிக்காவின் யூட்டா பாலைநிலத்தில் 120 சரக்குக் கன்டெய்னர்களை, நாமக்கல் டிரெய்லர் லாரிகள் சுமந்து செல்லும் வகையைச் சேர்ந்தவற்றையே, வரிசையாக அடுக்கி ஒரு பொம்மை நகரம் அமைத்து, அதன் நடுவே தடமறியும் வாயுவை விட்டு அளந்தனர். 2003-இல் ஓக்லஹோமா நகரத்தின் உண்மையான தெருக்களில் அதே வேலை செய்யப்பட்டது. இத்தகைய அளவீடுகளோடு ஒப்பிடும்போது, ஒரு மாதிரியின் கணிப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை அளந்த மதிப்பின் பாதிக்கும் இரட்டிப்புக்கும் இடையில் விழுந்தாலே அது நல்ல மாதிரி என்று கருதப்படுகிறது. நகரத்துக்குள் இந்த எதிர்பார்ப்பு இன்னும் தளர்த்தப்படுகிறது. எவ்விடத்தில் 17, எவ்விடத்தில் 18 என்று மாதிரி சொல்வதை அப்படியே நம்புவதற்கில்லை. ஆனால் ஒரே தெருவில் இரண்டு வடிவமைப்புகளை வைத்து, எது மோசம், ஏறத்தாழ எத்தனை மடங்கு மோசம் என்று கேட்டால், இரண்டு கணக்கிலும் அதே பிழைகள் பெரும்பாலும் அதே திசையில் இருப்பதால், அது தரும் விடை நம்பத்தக்கதாகிறது.

அளவீட்டுக்கும் இதேபோன்ற எல்லை உண்டு. சேலத்தில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் சோனா தொழில்நுட்பக் கல்லூரியில் அமைந்துள்ளது. திறந்த வளாகம் ஒன்றில் வைக்கப்படும் கருவி நகரத்தின் பின்னணி மாசை நன்றாகக் காட்டும். செவ்வாய்ப்பேட்டைச் சந்தின் கூடுதலைக் காட்ட அதனால் இயலாது. அந்தச் சந்தில் ஒரு கருவியை வைத்தாலும், அது எந்த நடைபாதையில் நிற்கிறது என்பதைப் பொறுத்து, பருவம் மாறும்போது அளவும் மாறும். நகரம் தூய்மையடைந்துவிட்டது என்றோ கெட்டுவிட்டது என்றோ அந்த மாற்றத்துக்குத் தவறாகப் பொருள்கொள்ளவும் கூடும். மாதிரி, கருவிக்கு மாற்றாக வருவதன்று; அடுத்த கருவியை எங்கே வைக்க வேண்டும், அது சொல்வதை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்வதே அதன் வேலை.

பண்ணையும் தெருவும்

நாமக்கல் சமவெளியில் காற்றைப் பார்த்துக் கட்டும் வழக்கம் ஏற்கெனவே ஒரு தொழிலில் இருக்கிறது. முட்டைக்கோழிப் பண்ணைகளின் நீண்ட கொட்டகைகள் கிழக்கு மேற்காக நீள்கின்றன. நீளப் பக்கங்கள் சுவரின்றிக் கம்பிவலையோடு திறந்திருக்கின்றன. கொட்டகைக்கும் கொட்டகைக்கும் இடையே இடம் விடப்படுகிறது. நீளவாக்கை முடிவுசெய்வது வெயில்: காலை, மாலைச் சாய்வெயில் குறுகிய முனைகளில் மட்டும் படும்படி அது அமைகிறது. கோடைக்காற்று நேர்மேற்கிலிருந்து வந்தால் அது கொட்டகையின் நீளத்தில் ஓடிவிடும் என்பதால், எச்சத்திலிருந்து எழும் அமோனியாவை வெளியேற்றும் குறுக்குக் காற்று கிடைப்பதற்கு, அக்காற்று தென்மேற்கே சாய்ந்து வீச வேண்டும். இடைவெளி போதாவிட்டால் முன்கொட்டகையின் பின்சுழலில் பின்கொட்டகை சிக்கிக்கொள்ளும். வெயிலுக்கும் காற்றுக்கும் இடையே நடக்கும் இந்தப் பேரத்தில், உயரம், அகலம், இடைவெளி, திசை ஆகிய நான்கு எண்களும் செங்கல் இறங்குவதற்கு முன்பே பேசப்படுகின்றன.

தெருப் பள்ளத்தாக்கின் கணக்கும் அதே நான்கு எண்களால் ஆனதுதான். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சாலையின் அகலத்தைப் பொறுத்தே எவ்வகைக் கட்டடம் வரலாம், எவ்வளவு இடம் விட வேண்டும் என்று வரையறுப்பதால், உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் ஏற்கெனவே சட்டத்துக்குள் வேறு பெயரில் அமர்ந்திருக்கிறது. தீயணைப்பு வண்டி நுழைவதற்கும் வெளிச்சம் விழுவதற்கும் எழுதப்பட்ட அந்த எண்கள், எழுதியவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், அத்தெருவின் காற்றையும் அளந்து கொடுத்துவிடுகின்றன. பழைய வண்டிகள் கழிந்து, எரிபொருள்கள் மாறி, தொகுதி ஆண்டுக்கு ஆண்டு குறையலாம். கட்டி முடித்த தெருவின் பகுதியோ இரண்டு மூன்று தலைமுறைக்கு மாறாது. சேர்வராயன் மலையை நகர்த்த இயலாத நகரத்தில், ஒரு மாடி கூட்டுவதா, ஒரு மீட்டர் விடுவதா என்னும் கேள்விக்கு, வரைபடம் ஒப்புதல் பெறும் மேசையில்தான் விடை எழுதப்படுகிறது.